அனுப்பிய மூன்றாம் நாளே கட்டுரை திரும்பி வந்துவிட்டது, எங்கே பிழை?

கல்லடிப் பாலம் எழுதியது:

வணக்கம். மட்டக்களப்பில் கிறிஸ்தவ பாடம் படிப்பிக்கிறேன். இறையியலில் முதுமாணி முடித்து இரண்டு வருடம். ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தைச் சுருக்கி, ஆங்கிலக் கட்டுரையாக்கி, வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றுக்கு அனுப்பினேன். மதிப்பீட்டாளர் கைக்கே போகாமல் மூன்றாம் நாள் திரும்பி வந்துவிட்டது.

விஷயம் வேதாகமத்தில் வரும் 69ஆம் சங்கீதப் பாடலின் தொடக்கம், வெள்ளம் ஏறி வருகிற இடம். அங்கே எபிரேயத்தில் இருக்கிற சொல் ‘நெபெஷ்’. தொண்டை, கழுத்து என்றும் பொருள் வரும். உயிர், ஆத்துமா என்றும் வரும். நம் பழைய வேதாகமத்தில் ஆத்துமா, பிந்திய மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் கழுத்து. 2004 டிசம்பர் 26 சுனாமி பற்றி நாவலடியில் ஆறு பேரிடம் கதைத்தேன். தண்ணீர் எவ்வளவு வந்தது என்று கேட்டதற்கு ஓர் அம்மா கையைக் கழுத்தில் வைத்துக் காட்டினார். வைத்த கையை எடுக்காமலே மிச்சக் கதையையும் சொல்லி முடித்தார். கட்டுரை அந்தக் கையிலிருந்துதான் தொடங்குகிறது.

ஆசிரியர் சொன்ன குறைகள்: எழுதியவர் யாரென்று மதிப்பீட்டாளருக்குத் தெரியக் கூடாதாம், ஃபைலில் என் அடையாளம் தெரிகிறதாம், தமிழ் மேற்கோள்கள் வாசிக்க முடியவில்லையாம், அடிக்குறிப்பு அவர்கள் முறையில் இல்லையாம். 69:1 என்று போட்டது 69:2 ஆக இருக்க வேண்டுமாம். பெயரை முதல் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டுத்தானே அனுப்பினேன்? தமிழும் என் கொம்பியூட்டரில் அழகாகத் தெரிகிறது. வேதாகமத்தை மூன்று தரம் திறந்து பார்த்தேன், 1தான். ஒன்றும் விளங்கவில்லை.

களுவாஞ்சிக்குடி வாத்தி எழுதியது:

தம்பி, தமிழைப் பாமினியில் அடித்தீர்களா? அப்படியானால் அதுதான் காரணம். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ்ச் சட்டை போட்டுவிட்டது மாதிரி. அந்த ஃபொன்ட் இல்லாத கொம்பியூட்டரில் சட்டை கழன்று, அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்தும்தான் தெரியும். ஆசிரியர் பார்த்தது அதைத்தான். எந்தக் கொம்பியூட்டரிலும் தெரிகிற யூனிகோடுக்கு மாற்றுங்கள். முழுக் கட்டுரையையும் ஃபொன்ட் மாற்றும் கருவியில் கொட்டாதீர்கள், ஆங்கிலமும் சேர்ந்து கந்தலாகிவிடும். தமிழ்த் துண்டுகளை மட்டும் எடுத்து மாற்றி, ஒவ்வொரு வரியையும் கண்ணால் பாருங்கள். எபிரேயத்துக்கும் பழைய ஃபொன்ட் என்றால் இதே கதைதான். எஸ்.பி.எல். என்ற விவிலிய இலக்கியச் சங்கத்தின் ‘எஸ்.பி.எல். ஹீப்ரூ’ ஃபொன்ட் இலவசமாகக் கிடைக்கிறது, அது யூனிகோட்.

புளியந்தீவு எழுதியது:

வசன எண் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதை வாத்தியார் பார்த்துக்கொள்வார். நீங்களும் சரி, அவர்களும் சரி. எபிரேய மூலத்தில் பல சங்கீதங்களின் தலைப்பு வரியே முதல் வசனம். 69இல் ‘இராகத் தலைவனுக்கு’ என்று வருகிறதே, அதற்கு நம் வேதாகமத்தில் எண் இல்லை, அங்கே அது 1. அதனால் வெள்ளம் அங்கே 2ஆம் வசனத்தில் வருகிறது. தலைப்பு நீளமான 51இல் இரண்டு எண் தள்ளிப்போகும். நீங்கள் எபிரேயச் சொல்லை வைத்து வாதாடுகிறீர்கள் என்பதால் எபிரேய எண்ணை முன்னால் போட்டு, மற்ற எண்ணை அடைப்புக்குறிக்குள் கொடுங்கள். முதல் இடத்தில் ஓர் அடிக்குறிப்பில் இதைச் சொல்லிவிட்டால் போதும். இதைச் சொல்லாமல் விட்டால், மூலத்தைத் திறக்காமலே எழுதினார் என்று நினைப்பார்கள். உங்கள் கட்டுரைக்கு அது பெரிய அநியாயம்.

களுவாஞ்சிக்குடி வாத்தி எழுதியது:

அடையாளம்: வேர்டில் ஃபைல், இன்ஃபோ என்று போய்ப் பாருங்கள், யார் எழுதியது, யார் கடைசியாகச் சேமித்தது என்று இருக்கும். பிரதி ஒன்று எடுத்து, அதில் ‘இன்ஸ்பெக்ட் டொக்கியுமென்ட்’ போட்டு அழியுங்கள். அப்புறம் ‘எனது ஆய்வேட்டில் காட்டியபடி’ என்று எங்காவது எழுதியிருந்தால் வேறொருவர் எழுதியதைக் காட்டுவதுபோல மாற்றுங்கள். நன்றியுரையை இப்போதைக்குத் தூக்குங்கள், ஏற்றுக்கொண்ட பிறகு சேர்க்கலாம்.

அடிக்குறிப்புக்கு அந்தச் சஞ்சிகையின் கடைசி இதழில் ஒரு கட்டுரையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுவதுதான் என் வழி. விவிலியப் பக்கமென்றால் பெரும்பாலும் எஸ்.பி.எல். கைநூல், 2014இல் வந்த இரண்டாம் பதிப்பு.

கல்முனையான் எழுதியது:

இவ்வளவு கரைச்சல் எதற்கு? இன்னும் இரண்டு சஞ்சிகைக்குச் சேர்த்து அனுப்புங்கள், எது முதலில் எடுக்கிறதோ அதில் வரட்டும். எனக்கு ஒரு இடத்திலிருந்து ஒரு வாரத்தில் போட்டுத் தருகிறோம் என்று ஈமெயில் வந்தது, டொலரில் காசு கேட்கிறார்கள்.

புளியந்தீவு எழுதியது:

தம்பி கல்முனையான், ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்புவது இந்தத் துறையில் பெரிய பிழை, இரண்டு இடத்திலும் கதவு மூடப்படும். காசு கேட்பதை வைத்து மட்டும் கள்ளச் சஞ்சிகை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வாரத்தில் இரண்டு பேர் ஒழுங்காக வாசித்து அறிக்கை எழுதி முடிப்பதா? சும்மா யோசித்துப் பாருங்கள்.

ஒலுவில் மிஸ் எழுதியது:

நான் இஸ்லாமியக் கற்கை. அறபு எழுத்துக்கும் எங்களுக்கு இதே ஃபொன்ட் பிரச்சினைதான். ஒருவரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன்: அந்த ஆறு பேரிடம் சம்மதம் எழுத்தில் வாங்கினீர்களா, சேர்? ஆய்வேட்டுக்குப் பல்கலைக்கழகம் தந்த ஒழுக்கநெறி அனுமதி இருந்தால் அதன் இலக்கத்தை ஆசிரியருக்கு எழுதும் கடிதத்தில் போடுங்கள். கட்டுரைக்குள் வேண்டாம், பல்கலைக்கழகம் தெரிந்துவிடும். பிறகு, வயது, இடம், யாரை இழந்தார் என்று மூன்றையும் சேர்த்து எழுதினால் பெயர் போடாவிட்டாலும் ஊருக்கே ஆள் தெரியும். எங்கள் மருதமுனையிலும் அப்படித்தான். நாட்டிலேயே அதிகம் பேரை இழந்தது இந்த அம்பாறை மாவட்டம், என்றாலும் ஒரு தெருவில் யாருக்கு என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

கல்லடிப் பாலம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பாமினிதான். அடையாள விஷயத்தில் வெட்கக்கேடு: ‘கடைசியாகச் சேமித்தவர்’ என்ற இடத்தில், நான் பிரின்ட் எடுக்கக் கொடுத்த கொமினிகேஷன் கடையின் பெயர், ‘மட்டக்களப்பு’ என்ற ஊர்ப் பெயரோடு! திருத்தி அனுப்பி இரண்டு கிழமை. நேற்றுப் பதில் வந்தது, இரண்டு மதிப்பீட்டாளருக்குப் போயிருக்கிறதாம், நாலு மாதம் ஆகலாமாம்.

சம்மதம் வாய்ச் சம்மதமாகத்தான் இருந்தது, அதனால் படிவத்தோடு நாவலடிக்கு மறுபடி போனேன். பெயர் வராது, பயப்பட வேண்டாம் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். “ஏன் மனே, என்ட பேரப் போட்டா என்ன?” என்று கேட்டார். என்ன சொல்வதென்று தெரியவில்லை.

ஒலுவில் மிஸ் எழுதியது:

அப்படியென்றால் படிவத்தில் அதற்கொரு தனி வரி சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள், சேர். இப்போது மதிப்பீட்டில் இருப்பதைத் தொட வேண்டாம். ஏற்றுக்கொண்டதும் ஆசிரியரிடம் கேளுங்கள். அச்சுக்குப் போகுமுன் இன்னொரு தரம் அந்த அம்மாவிடமும் கேளுங்கள், மனம் மாறியிருக்கலாம்.