பழைய வீட்டை உடைத்த, பிரித்த, உயர்த்திய அனுபவங்கள்: மட்டக்களப்பு, அம்பாறைக்காரர் எழுதுங்கள்

புளியந்தீவுப் பிள்ளை
அம்மம்மா வீட்டை உடைத்த அன்று நானும் நின்றேன். ஒழுங்கையைச் சொன்னால் வீட்டைக் கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால் விடுகிறேன். ஓடும் கதவு நிலைகளும் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏறும் வரைக்கும் தாங்கிக்கொண்டேன். அப்புறம் முன்சுவரில் கை வைத்தார்கள். உள்ளே முருகைக்கல்லும் சுண்ணாம்பும், ஒரு முழத்துக்கு மேல் கனம். மேசன் அலவாங்கை ஊன்றிவிட்டு, முகமெல்லாம் வெள்ளைப் புழுதியோடு என்னைப் பார்த்தார். "தங்கச்சி, இதுக்கு மேல ரெண்டு தட்டு ஏத்தியிருக்கலாமே, ஏன் உடைக்கிறீங்க?" என்றார். 1978 சூறாவளியில் ஓடு பறந்தும் அசையாத சுவர் அது. இப்போது அங்கே நாலு மாடி வருகிறது. குடும்பங்களுக்கு வீடு வேண்டும், அது எனக்கும் தெரியும். ஆனால் இடிக்கலாமா என்று கேட்க ஒரு ஆள் இருக்கவில்லை. தொல்பொருள் சட்டம் தானாகக் காப்பது 1815 மார்ச் 2க்கு முந்திய கட்டடத்தைத்தான். இங்குள்ள ஒல்லாந்தர் கோட்டைக்கு அது சரி. கோட்டைக்கு வெளியே நிற்கிற வீடுகளுக்கு?

காத்தான்குடிக் காக்கா
தங்கச்சி, உங்களுக்கு உடைக்க ஒரு வளவாவது இருந்தது. எங்கள் ஊர் கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒரு மணல் துண்டு. பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம், அது உங்கள் பக்கமும் அதேதானே. உம்மாவின் வளவை ராத்தாமாருக்கு, அதாவது அக்காமாருக்கு, பிரித்தபோது நிலம் அளக்கிற சேவையர் பிடித்த கோடு நேரே கிணற்றின் நடுவால் போனது. மேசன் கிணற்று வாய்க்குக் குறுக்கே கொங்கிரீட் பீம் போட்டு, அதன் மேலேயே மதிலை எழுப்பினார். இந்தப் பக்கம் ஒரு வாளி, அந்தப் பக்கம் ஒரு வாளி. உம்மா கிணற்றுக் கட்டில் கையை வைத்து, "தண்ணிக்கும் உறுதிப்பத்திரம் எழுதியாச்சா?" என்று கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஆறு பேர்ச்சஸ் நிலத்துக்குள் வீடு, கிணறு, மலசலகூடக் குழி எல்லாம். அந்தத் தண்ணீரை இப்போது வாயில் வைக்க ஏலாது. சுவரைப் பற்றி எழுதுகிறவர்கள் குழியைப் பற்றியும் எழுதுங்கள்.

நாவலடியான்
இடம் போதாவிட்டால் வெளியே போகலாமே என்று யாரும் எழுதுமுன் சொல்லிவிடுகிறேன். சுனாமிக்குப் பிறகு கடற்கரை நாவலடியிலிருந்து எங்கள் ஆட்களைத் திராய்மடுவில் குடியேற்றினார்கள். வீடு நல்ல வீடு. மாமா முதல் நாள் விடிய எழும்பி, காற்று பார்க்க வாசலுக்கு வந்தார். எதிரே இன்னொரு வீட்டின் சுவர். சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கே போய்விட்டார்.

கல்முனைப் படவரைஞர்
புளியந்தீவுப் பிள்ளையின் மேசன் சொன்னதை யாரும் நம்பிச் செய்துவிட வேண்டாம். சுண்ணாம்புச் சாந்துச் சுவரின் மேல் கொங்கிரீட் தட்டு ஏற்றுவது ஆபத்து. சுவர் கனமாக இருப்பது வேறு, பாரம் தாங்குவது வேறு. செய்யக்கூடியது இதுதான்: முன்பக்கத்து விறாந்தையையும் மண்டபத்தையும் அப்படியே விட்டு, பின்வளவில் தனி அத்திவாரம், தனித் தூண் போட்டு மாடி எழுப்புங்கள். பழைய சுவரோடு முட்ட விடாதீர்கள், இடைவெளி விடுங்கள். பழைய சுவருக்குச் சீமெந்து பூசாதீர்கள். ஈரம் உள்ளே நின்று கல்லைத் தின்னும். குழியைச் சகோதரிகள் பொதுவாக ஒன்று, தெருப்பக்கமாக, பவுசர் வந்து உறிஞ்ச வசதியாக வையுங்கள். 1815க்குப் பிந்தினாலும் நூறு வருஷமாவது ஆன வீட்டை அமைச்சர் அரச வர்த்தமானியில் அறிவித்துக் காக்க வழி இருக்கிறது, அதைக் கேட்டு எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நிலத்தைத் துண்டு போடாதீர்கள். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மாடிக்கு மாடி தனி உறுதி எடுக்கலாம். அதற்கு முறையான வரைபடம் வேண்டும், பதிவு வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நான் படம் கீறிய ஒரு வீட்டில் மேல்மாடி இளைய மகளுக்கு. மாப்பிள்ளை வீட்டார் தேநீரைக் கீழே வைத்துவிட்டு, "மேல்மாடிக்கு உறுதி எங்கே?" என்று கேட்டார்கள். தகப்பன் நிலத்து உறுதியை எடுத்து நீட்டினார். அதில் மூத்தவள் பெயர்தான் இருந்தது.

புளியந்தீவுப் பிள்ளை
அண்ணன், எங்கள் வீடு மண்ணாகிவிட்டது. ஆலோசனை கேட்டு நான் எழுதவில்லை. ஆனால் உறுதி விஷயம் தெரிந்திருந்தால் சித்திமார் விற்கவே சம்மதித்திருக்கமாட்டார்கள். ஊரில் உறுதி எழுதுகிற ஒரு நொத்தாரிசும் எங்களுக்கு அதைச் சொல்லவில்லை.

ஆரையம்பதி
படவரைஞர் அண்ணன், எனக்கு ஆலோசனை வேண்டும். தங்கச்சிக்குப் பின்வளவில் கட்டப் போகிறோம், முன்வீடு தாத்தா கட்டினது. பின்னுக்குப் போகப் பாதை விட வேண்டும், அதை எடுத்தால் விறாந்தையில் பாதி போகும் என்கிறார் சேவையர். மாடிக்குத் தனி உறுதி எடுத்தால் அந்தப் பாதையைத் தனியாக வெட்டாமல் பொது இடமாகக் காட்டலாமா? அளக்க வருகிற கிழமை வருகிறார், அதற்கு முதல் சொல்லுங்கள்.