தொங்கு பாலத்துல ட்ரைபாட் போட்டும் படம் ஆடுது, உதவுங்க (ஒகேனக்கல்)

பென்னாகரம்77:
அவசரம். ஒகேனக்கல் தொங்கு பாலத்துல ட்ரைபாட் வெச்சு அருவி எடுத்தேன். தண்ணி பட்டு மாதிரி வரணும். ஆனா ஒரு படமும் ஷார்ப்பா இல்ல, பாறை விளிம்பு மேலயும் கீழயும் ரெண்டு கோடாத் தெரியுது. நாளைக்குக் காலைல மறுபடி போறேன். என்ன பண்ணலாம்?

ஊத்தங்கரை லென்ஸ்:
கேமரா எது, லென்ஸ் எது, ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்துச்சு? எதுவுமே சொல்லலையே.

மலைக்கோட்டை:
வி.ஆர். (கை ஆட்டத்தைச் சமாளிக்கிற லென்ஸ் வசதி) ஆன்ல இருந்திருக்கும். ட்ரைபாட்ல ஆஃப் பண்ணுங்க, இல்லாத ஆட்டத்தைத் தேடி அதுவே படத்தைக் கலைச்சிடும். ட்ரைபாட் நடுக்கம்பத்தை ஏத்தாதீங்க. கீழ்க்கால் மெலிசு, அதைக் கடைசியாத்தான் இழுக்கணும். கழுத்துப் பட்டையையும் கழட்டுங்க, ஆத்துக் காத்துல அது படபடத்தா கேமராவும் ஆடும்.

தகடூரான்:
கையேட்டைப் படிச்சிருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது. படம் எடுக்கும்போது கேமராக்குள்ள இருக்கிற கண்ணாடி, அதான் மிரர், மேல ஏறி அடிக்கிற அதிர்வு இது. 1/60லேர்ந்து 1/2 நொடி வரைக்கும்தான் நல்லாத் தெரியும். அதைவிட வேகமா எடுத்தா ஆட்டம் பதிய நேரமில்ல. பல நொடி திறந்து வெச்சா, அதிர்வு அடங்கின பிறகு விழற வெளிச்சமே அதிகம்.

பென்னாகரம்77:
சாரி. நிக்கான் டி7200, 70-300 ஜூம் லென்ஸ்ல 200 மி.மீ. லென்ஸ் திறப்பு எஃப் 11, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/15 நொடி. ரிமோட் இல்ல, விரலால அமுக்கினேன்.

தகடூரான்:
1/15. சொன்னேன்ல? இடப்பக்க டயலை எம்-அப்ல (மிரரை முன்கூட்டியே தூக்கற மோடு) வைங்க. முதல் அமுக்குல மிரர் ஏறும், ரெண்டாவதுல படம். ரிமோட் இல்லைன்னா ரெண்டாவது தடவை தொடவே வேண்டாம், சுமார் 30 நொடியில தானே எடுத்துக்கும்.

ஊத்தங்கரை லென்ஸ்:
மலைக்கோட்டை அண்ணா, நிக்கிற இடமே ஆடும்போது வி.ஆரை ஏன் ஆஃப் பண்ணணும்? லென்ஸ்ல ஆக்டிவ் சுவிட்ச் இருந்தா அதுல வைக்கணும். ஓடற வண்டியிலேர்ந்து எடுக்கத்தானே அது?

மலைக்கோட்டை:
கையில பிடிச்சா சரி தம்பி. ட்ரைபாட்ல வேண்டாம்.

ஊத்தங்கரை லென்ஸ்:
ட்ரைபாட்டைத் தானே கண்டுபிடிக்கிற லென்ஸும் இருக்கே.

மலைக்கோட்டை:
இருக்கு, எல்லாமே அப்படி இல்ல. அவர்கிட்ட எது இருக்குன்னு தெரியாம எப்படிச் சொல்றது?

பாலக்கோடு:
வி.ஆர். சண்டை அப்புறம். பாலத்தை யாருமே கணக்குல எடுக்கலையே! ஒருத்தர் நடந்தாலே அது மேலயும் கீழயும் ஆடும், ட்ரைபாட் கால் அதை அப்படியே கேமராவுக்கு ஏத்தும். மிரரை நிறுத்தினாலும் பாலம் நிக்காது.

இன்னிக்கு ராத்திரியே வீட்டுச் சிமெண்டுத் தரையில ட்ரைபாட் போட்டு, சுவத்துல ஒரு செய்தித்தாளை ஒட்டி அதே 200, 1/15ல எடுங்க. எம்-அப் இல்லாம ஒண்ணு, எம்-அப்ல ஒண்ணு. முதல் படத்துல மட்டும் எழுத்து ரெட்டையானா மிரருக்கோ விரல் அமுக்கினதுக்கோ பங்கு உண்டு. ரெண்டுமே சுத்தமா வந்தா முழுக்கப் பாலம்தான்.

பாலத்துமேல ட்ரைபாட்டை மடக்கிடுங்க. முட்டியை லேசா மடக்கி நில்லுங்க, ஆட்டத்தை உடம்பு வாங்கிக்கும். வி.ஆர். ஆன், எஃப் 8, ஐஎஸ்ஓ 800, 1/250. அதே வெளிச்சம்தான். கன்டினியூவஸ்ல (பட்டனை அமுக்கிப் பிடிச்சா தொடர்ந்து எடுக்கிற மோடு) 16 படம் அடிங்க. போட்டோஷாப்ல லேயராப் போட்டு ஆட்டோ அலைன் பண்ணி, ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டா மாத்தி, ஸ்டாக் மோடுல 'மீன்' (Mean, அதாவது சராசரி) கொடுங்க. பாறை நிக்கும், தண்ணி பட்டாகும். 16 படச் சராசரியில, ஐஎஸ்ஓ 800ல வர்ற புள்ளி புள்ளியான இரைச்சலும் கால்வாசியாயிடும். லென்ஸ்ல சாரல் ஒட்டுதான்னு அடிக்கடி பாருங்க, 16லயும் ஒரே இடத்துல துளி இருந்தா சராசரியில போகாது.

தகடூரான்:
பாலத்தை விட்டு இறங்கி, கெட்டித் தரையில எம்-அப்போட எடுத்தா ஒரே படத்துல வேலை முடியும்.

பாலக்கோடு:
அந்தக் கோணம் கிடைச்சா அதுதான் நல்லது, மறுக்கல.

பென்னாகரம்77:
செய்தித்தாள் பார்த்தேன். எம்-அப் இல்லாம லேசா ரெட்டை, போட்டா சுத்தம். பாலத்துல கையால 1/250, பாறை ஷார்ப். 16ல 3 படத்துல பரிசல் குறுக்க வந்துடுச்சு, அதை எடுத்துட்டுச் சேர்க்கலாமா?