எஃப்.எம்.ஜி.இ (வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான தகுதித் தேர்வு): அப்போஸ்டில் இருந்தும் டிகிரியில் குறை காட்டுகிறது, என்ன செய்வது?

குடியாத்தம்: தம்பி ஜார்ஜியாவில் எம்.டி. (நம் எம்.பி.பி.எஸ். போன்ற பட்டம்) முடித்து வந்திருக்கிறான். டிகிரி நகலுக்கு வேலூரில் நோட்டரி கையெழுத்து வாங்கி, ஏஜென்ட் மூலம் அப்போஸ்டிலும் (ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு ஒட்டித் தரும் சான்று) போட்டாயிற்று. ஆனாலும் விண்ணப்பத்தில் டிகிரிக்குக் குறை காட்டுகிறது. ஸ்கேன் தெளிவாகத்தான் இருக்கிறது.

காட்பாடி: ஸ்கேனை விடுங்கள். அப்போஸ்டிலில் 1 முதல் 10 வரை எண் போட்ட வரிகள் இருக்கும். முதல் வரியில் எந்த நாடு? இரண்டாவதில் யார் பெயர்?

குடியாத்தம்: இந்தியா என்று இருக்கிறது சார். இரண்டாவதில் இங்குள்ள அதிகாரி பெயர்.

காட்பாடி: அதுதான் கோளாறு. ஆவணம் எந்த நாட்டுடையதோ அந்த நாடுதான் அப்போஸ்டில் போட வேண்டும். உங்களிடம் இருப்பது இங்கே போட்ட கையெழுத்துக்குத்தான் சாட்சி. ஜார்ஜியப் பல்கலைக்கழகத்தின் கையெழுத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஏஜென்டிடம் மறுபடி போகாதீர்கள், பணம்தான் தண்டம். முதல் வரியில் ஜார்ஜியா என்று வர வேண்டும். இல்லையென்றால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் சான்றொப்பம் வேண்டும்.

குடியாத்தம்: அவன் மறுபடி போகத்தான் வேண்டுமா?

காட்பாடி: அங்கே படிக்கும் நம்பகமான ஜூனியர் இருந்தால் பவர் பத்திரம் கொடுத்து அசல் டிகிரியை கூரியரில் அனுப்பலாம். வேடிக்கை என்னவென்றால், இந்திய அப்போஸ்டில் தேவைப்படுவது அந்தப் பவர் பத்திரத்துக்குத்தான். அதை அங்கே ஜார்ஜிய மொழியில் பெயர்க்க வேண்டியிருக்கும். திரும்பி வந்ததும் டிகிரியின் முன்பக்கம், பின்பக்கம், ஒட்டிய தாள் மூன்றையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். ஒட்டிய தாளை விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

ஆற்காடு: அனுப்புமுன் டிகிரியில் பெயரைப் பாருங்கள். நம் ஊர் பத்தாம் வகுப்புச் சான்றில் இனிஷியல் மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக சர்நேம் ஆகியிருக்கும். இனிஷியல் விரிவு மட்டும் என்றால் இருவரும் ஒருவரே என்று அஃபிடவிட் எழுதி வையுங்கள். டிகிரியிலேயே எழுத்துப்பிழை இருந்தால் முதலில் பல்கலைக்கழகத்தில் திருத்தி வாங்குங்கள். அப்போஸ்டில் போட்டபின் திருத்தினால் மறுபடி முதலிலிருந்து.

குடியாத்தம்: இந்த முறை தவறினால்?

ஆற்காடு: ஆண்டுக்கு இருமுறை தேர்வு உண்டு. தம்பி சும்மா இருக்க வேண்டாம். 300 கேள்விக்கு 150 எடுத்தால் பாஸ், நெகட்டிவ் மார்க் கிடையாது. மகப்பேறு 30, சமூக மருத்துவமும் 30. இரண்டாவதைப் பலர் கடைசி வாரத்துக்குத் தள்ளுவார்கள், அவன் இப்போதே எடுக்கட்டும்.