டைரீஸ் ஹாலிபர்ட்டனை முதல் வரிசைப் பாயிண்ட் கார்ட் என்று சொல்லலாமா?

நடுக்கோடு:

2025 ஏப்ரலில் அத்லெட்டிக் இதழ், பெயரை வெளியிடுவதில்லை என்ற உறுதியோடு அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் வீரர்களிடமே ஒரு கருத்துக்கணிப்பு நடத்தியது. தகுதிக்கு மீறிப் புகழப்படும் வீரர் யார் என்ற கேள்விக்கு அதிக வாக்குகள், அதாவது 14.4 விழுக்காடு, இண்டியானா பேசர்ஸ் அணியின் பாயிண்ட் கார்ட், அதாவது பந்தைக் கொண்டுவந்து தாக்குதலை நடத்துபவரான டைரீஸ் ஹாலிபர்ட்டனுக்கு விழுந்தன. அதற்குப் பிந்தைய இரண்டு மாதங்களில் மில்வாக்கி, கிளீவ்லாந்து, நியூயார்க், ஓக்லஹோமா சிட்டி ஆகிய நான்கு அணிகளுக்கு எதிராகவும், ஆட்டம் முடிய இரண்டு நொடிகூட இல்லாத நிலையில், வெற்றியைத் தரும் கூடையையோ சமன் செய்யும் கூடையையோ அவர் போட்டார். ஜூன் 22 அன்று, ஓக்லஹோமா சிட்டிக்கு எதிரான இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், முதல் கால்பகுதியிலேயே வலது குதிகாலுக்கு மேலுள்ள அக்கிலிஸ் தசைநாண் அறுந்து தரையில் விழுந்தார். 2025-26 பருவம் முழுவதும் அவர் ஆட முடியாமல் போயிற்று.

இருபத்தைந்து வயதில் நின்றுபோன இந்தப் பயணத்தை எப்படி மதிப்பிடுவது என்பதே இங்கு என் கேள்வி. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவர் முதல் வரிசை வீரர்தான். புள்ளிக் கணக்கை மட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தெரிவதில்லை.

எதிர்க்கரை:

நண்பர் நடுக்கோடு கடைசி நொடிகளைக் கொண்டு வழக்காடுகிறார். நான் 48 நிமிட ஆட்டத்தின் மற்ற நாற்பத்தேழு நிமிடங்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

அந்த இறுதித் தொடரில் அவருடைய சராசரி 14 புள்ளிகள், 5.9 அசிஸ்ட்கள் (சக வீரர் கூடை போட வழிசெய்யும் பந்துக் கொடுப்புகள்). இரண்டாவது ஆட்டத்தில் 17 புள்ளிகள் எடுத்தார் என்று பதிவு சொல்கிறது. அதில் 12 புள்ளிகள் முடிவு ஏறக்குறைய தெரிந்துவிட்ட நான்காம் கால்பகுதியில் வந்தவை. ஐந்தாவது ஆட்டத்தில் ஆறு முறை எறிந்து ஒன்றுகூட உள்ளே போகவில்லை. அன்று கெண்டைக்காலில் தசைக் காயம் இருந்ததை ஏற்கிறேன். 2023-இல் ஐந்தாண்டுகளுக்கு 26 கோடி டாலர் வரை உயரக்கூடிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட வீரர், தன் அணி தடுமாறும்போது பந்தைக் கையில் வாங்கிக் கூடையை நோக்கிப் போகாமல், அடுத்தவருக்குத் தள்ளிவிட்டு மூலையில் நிற்பதை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்?

நான்கு கடைசி நொடிக் கூடைகளையும் சற்று நெருங்கிப் பாருங்கள். கிளீவ்லாந்துக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தில் அந்த அணிக்கு மோப்லி, கார்லண்ட், ஹண்டர் ஆகிய மூவரும் இல்லை. நியூயார்க்கில் அவர் எறிந்த பந்து வளையத்தின் பின்பகுதியில் பட்டு, பலகையின் மேல்விளிம்பு உயரத்துக்கு எழும்பி, பிறகுதான் உள்ளே விழுந்தது. அன்று நான்காம் கால்பகுதியில் தூரத்திலிருந்து எறிந்து ஆறு மூன்று புள்ளிக் கூடைகளைப் போட்டு அணியை உயிரோடு வைத்திருந்தவர் சக வீரர் ஆரன் நெஸ்மித். புகழ் யாருக்குப் போனது என்பது எல்லோருக்கும் தெரியும்.

நடுக்கோடு:

கிளீவ்லாந்து ஆட்டத்தை நீங்களே எடுத்ததால் அந்தக் கடைசித் தருணத்தை முழுமையாகச் சொல்கிறேன். அவர் இரண்டாவது ஃப்ரீ த்ரோவை (எதிரணியின் தவறுக்காகத் தடையின்றி எறியக் கிடைக்கும் வாய்ப்பு) தவறவிட்டார். தவறவிட்ட பந்தைத் தானே பாய்ந்து எடுத்து, வெளியே கொண்டுவந்து, கடிகாரத்தைப் பார்த்து, தன்னைத் தடுத்த டை ஜெரோமைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு மூன்று புள்ளிக் கூடையைப் போட்டபோது 1.1 நொடி மீதம் இருந்தது. எதிரணியில் மூவர் இல்லை என்பது உண்மை. அந்த அணியின் டோனவன் மிட்செல் அன்று 48 புள்ளிகள் எடுத்தார் என்பதும் உண்மை.

ஆனால் நான் கடைசி நொடிகளை நம்பி மட்டும் பேசவில்லை. 2024-25 பருவத்தில் இன்னொரு பாயிண்ட் கார்டான டிரே யங் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 11.6 அசிஸ்ட் கொடுத்து 4.7 முறை பந்தை இழந்தார். ஹாலிபர்ட்டன் 9.2 அசிஸ்ட் கொடுத்து 1.6 முறைதான் இழந்தார். நியூயார்க்குக்கு எதிரான நான்காவது ஆட்டத்தில் 32 புள்ளிகள், 15 அசிஸ்ட், 12 ரீபவுண்ட் (கூடை தவறிய பந்தைக் கைப்பற்றுவது), ஒரு டர்ன்ஓவர்கூட (பந்தை எதிரணியிடம் இழப்பது) இல்லை. பருவ முடிவில் பட்டத்துக்காக நடக்கும் பிளேஆஃப் தொடர்களின் வரலாற்றில் டர்ன்ஓவர் இல்லாமல் 30 புள்ளி, 15 அசிஸ்ட், 10 ரீபவுண்ட் எடுத்த முதல் ஆள் அவர்தான். பந்தை இழக்காமல் இருப்பது எதிரணிக்கு எளிதான ஓட்டத் தாக்குதல்களை மறுப்பதாகும். அதன் மதிப்பு பந்தைக் காத்தவர் பெயரில் புள்ளிப் பட்டியலில் ஏறுவதில்லை.

பழைய பாயிண்ட் கார்ட்:

நான் கல்லூரிக் காலத்தில் இதே இடத்தில் ஆடியவன், பின்னர் சில ஆண்டுகள் சிறுவர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தேன். இருவரும் ஒரு முக்கியமான அம்சத்தைத் தொடாமல் போகிறீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

எந்தப் பயிற்சியாளரும் சிறுவனுக்கு முதலில் சொல்வது, காலைத் தரையிலிருந்து எடுத்த பிறகு யாருக்குக் கொடுப்பது என்று யோசிக்காதே என்பதுதான். காற்றில் இருக்கும்போது முடிவெடுத்தால் பந்து எதிரணியிடம் போகும் அல்லது டிராவலிங் (பந்தோடு விதிமீறி அடியெடுப்பது) ஆகும். ஹாலிபர்ட்டன் இதைத் தலைகீழாக்கியவர். எறியப் போவதுபோல எழும்புகிறார். தடுப்பவர் இருவர் அவரோடு எழுகிறார்கள் அல்லது அவரை நோக்கி ஓர் அடி வருகிறார்கள். அந்த ஓர் அடிதான் அவருக்கு வேண்டியது, பந்து எதிர் மூலையில் நிற்கும் நெஸ்மித்திடமோ கூடையடியில் நிற்கும் மைல்ஸ் டர்னரிடமோ போய்ச் சேர்ந்துவிடுகிறது. எறியும் முறையும் அப்படித்தான்: மார்புக்குப் பக்கத்திலிருந்து தள்ளுவதுபோல இருக்கும், எந்தப் பயிற்சி முகாமிலும் திருத்தச் சொல்வார்கள். அணிகள் புதிய வீரர்களை வரிசையாக எடுக்கும் 2020 தேர்வில் பதினோரு பெயர்கள் அழைக்கப்பட்ட பிறகு, பன்னிரண்டாவதாகத்தான் சாக்ரமெண்டோ கிங்ஸ் அவரை எடுத்தது. பார்க்க அழகாக இல்லாத வீரரை மற்ற அணிகள் கடந்துபோனதில் எனக்கு வியப்பில்லை.

எதிர்க்கரை அவர்கள் "மூலையில் நிற்கிறார்" என்றதற்கு என் பதில் இது. பேசர்ஸ் பயிற்சியாளர் ரிக் கார்லைல் அமைத்த ஆட்டத்தில் பந்து ஒருவர் கையில் தங்குவதே இல்லை. எல்லோரும் ஓடுகிறார்கள், பந்து அவர்களைவிட வேகமாக ஓடுகிறது. பந்தை விட்டுக்கொடுத்து மூலைக்குப் போகும் வீரரோடு எதிரணியின் சிறந்த தடுப்பாட்டக்காரரும் மூலைக்குப் போய்விடுகிறார். சக வீரர்களான நெம்ஹார்டும் சியாகமும் நடுவில் நான்கு பேரை எதிர்த்து நான்கு பேராக ஆடுகிறார்கள். அதுவும் ஒரு பங்களிப்பே.

எதிர்க்கரை:

ஐயா, தங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், அந்த எழும்பிக் கொடுக்கும் முறையைப் பற்றிய விளக்கம் எனக்குப் புதிய வெளிச்சம். ஆனால் இறுதியில் சொன்னதை ஏற்க முடியவில்லை. தடுப்பவரை மூலைக்கு இழுத்துச் செல்வதை ஓர் எறிதல் நிபுணர் செய்தாலும் போதும். அதற்கு ஆண்டுக்கு நான்கு கோடி டாலருக்கு மேல் கொடுக்கத் தேவையில்லை. முதல் வரிசை வீரர் என்பவர், அணியின் அமைப்பு உடைந்துபோகும் இரவில் தனியாகத் தூக்கி நிறுத்துபவர். அதே இறுதித் தொடரில் ஓக்லஹோமா சிட்டியின் ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர் அதைத்தான் செய்தார், தொடரின் மிகச் சிறந்த வீரர் விருதையும் பெற்றார்.

சாக்ரமெண்டோவை முட்டாள்கள் என்று சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. 2022 பிப்ரவரியில் அவர்கள் இண்டியானாவிடம் ஹாலிபர்ட்டனைக் கொடுத்து டொமாண்டாஸ் சபோனிஸை வாங்கினார்கள். அடுத்த பருவத்தில் 48 ஆட்டங்களை வென்று, 16 பருவங்களாக எட்டாத பிளேஆஃபுக்குள் நுழைந்தார்கள். அந்த ஆண்டு இண்டியானா வீட்டில் உட்கார்ந்திருந்தது. இந்த வரலாற்றை யாரும் சொல்வதில்லை.

நடுக்கோடு:

சொல்கிறோம், ஆனால் பாதியில் நிறுத்தக் கூடாது. 48 வெற்றிகளுக்குப் பிறகு முதல் சுற்றில் கோல்டன் ஸ்டேட் அணியிடம் ஏழு ஆட்டங்களில் தோற்றார்கள். மறு ஆண்டே பிளேஆஃபுக்கு வெளியே போனார்கள். ஹாலிபர்ட்டனை விட்டு யாரை வைத்துக்கொண்டார்களோ, அந்த டி'ஆரன் ஃபாக்ஸையும் 2025 பிப்ரவரியில் சான் அன்டோனியோவுக்கு அனுப்பினார்கள். இண்டியானாவோ 2024-இல் கிழக்குப் பிரிவின் இறுதிக்கும் 2025-இல் 25 ஆண்டுகளுக்குப் பிறகு என்பிஏ இறுதித் தொடருக்கும் போனது. சபோனிஸ் நல்ல வீரர், அவரைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஓர் அணியின் ஆட்ட முறையையே ஒரு வீரரைச் சுற்றிக் கட்ட முடிந்தது எங்கே என்பதைத்தான் கேட்கிறேன்.

அவர் இல்லாத பேசர்ஸ் எப்படி இருக்கும் என்பதற்கும் விடை கிடைத்துவிட்டது. 2025-26 பருவத்தின் முதல் 14 ஆட்டங்களில் அவர்கள் வென்றது ஒன்றே ஒன்று.

எதிர்க்கரை:

மைல்ஸ் டர்னர் மில்வாக்கிக்குப் போய்விட்டார் என்பதையும், நெம்ஹார்ட், மெக்கானல், டோப்பின் எனப் பலர் அதே வாரங்களில் காயத்தோடு வெளியே இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தக் கணக்கு நேர்மையாகும்.

தசையும் எலும்பும்:

நான் உடலியக்க மருத்துவம் படித்தவள். இந்த விவாதத்தில் எல்லோரும் ஒதுக்கிவைத்திருக்கும் கேள்வியை நான் எழுப்ப வேண்டும்: ஏழாவது ஆட்டத்தில் அவரை இறக்கியிருக்கலாமா?

கெண்டைக்காலின் இரண்டு பெரிய தசைகளும் கீழே ஒன்றுசேர்ந்துதான் அக்கிலிஸ் நாணாகின்றன. தசை காயமுற்றுச் சரியாக வேலை செய்யாதபோது, திடீரென்று உந்தி ஓடும் கணத்தின் சுமை நாணின் மீது கூடுதலாக இறங்குகிறது என்பது எங்கள் துறையில் பரவலாகப் பேசப்படும் அச்சம். 2019 இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் கெவின் டுராண்ட், கெண்டைக்கால் காயத்துக்காக ஒரு மாதம் வெளியே இருந்துவிட்டு வந்து, 12 நிமிடங்களில் அக்கிலிஸை இழந்தார். அந்த முன்னுதாரணம் கண்முன் இருந்தது. ஹாலிபர்ட்டன் நடக்க முடிந்தால் ஆடுவேன் என்று வெளிப்படையாகவே சொன்னார். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும், மறுபடியும் அதே முடிவைத்தான் எடுப்பேன் என்று எழுதினார். வீரர் அப்படிச் சொல்வது இயல்பு. அந்த இடத்தில் வீரரின் விருப்பத்துக்கு எதிராகவும் பேசக்கூடிய ஒருவர் அறையில் இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஒரே பிளேஆஃபில் டேமியன் லில்லர்ட், ஜேசன் டேட்டம், ஹாலிபர்ட்டன் என மூன்று பேருக்கு இதே நாண் அறுந்தது. ஆட்டங்களின் நெருக்கத்தையும் ஆட்ட வேகத்தையும் பற்றி லீக் யோசித்தாக வேண்டும்.

பழைய பாயிண்ட் கார்ட்:

மகளே, நீ சொல்வது மருத்துவத்தின் பக்கம் சரி. ஆனால் அவர் விளையாட்டுப் பக்கம் நின்று பார்க்க வேண்டியவர். பேசர்ஸ் அணிக்குப் பழைய ஏபிஏ லீக்கில் மூன்று பட்டங்கள் உண்டு, என்பிஏவில் ஒன்றுகூட இல்லை. ரெஜி மில்லர் பதினெட்டு ஆண்டுகள் அங்கேயே ஆடியும் கிடைக்காதது. ஒரே ஓர் ஆட்டம் தள்ளி நிற்கிறது. ஆறாவது ஆட்டத்தில் அதே காலோடு ஆடி 108-91 என்று வென்றும் காட்டியாயிற்று. அந்த நிலையில் உட்காரச் சொன்னால் எந்தப் பாயிண்ட் கார்டும் உட்கார மாட்டான், உட்காரவும் கூடாது என்றே நான் நினைக்கிறேன்.

திங்கள்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்கு அந்த ஆட்டத்தை நேரலையில் பார்த்தேன். ஏழு நிமிடங்களுக்குள் தூரத்திலிருந்து எறிந்து மூன்று முறை மூன்று புள்ளிக் கூடை போட்டிருந்தார். தயக்கம் என்பதே இல்லை. எதிர்க்கரை அவர்கள் கேட்கும் ஹாலிபர்ட்டன் அன்றுதான் முதல் நிமிடத்திலிருந்தே வந்திருந்தார். அவர் விழுந்த பிறகும் அரைநேரத்தில் இண்டியானா 48-47 என்று முன்னிலையில் இருந்தது.

எதிர்க்கரை:

அந்த ஏழு நிமிடங்களைப் பற்றி எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அப்படி அவர் ஒவ்வோர் இரவும் தொடங்கியிருந்தால் இந்த விவாதமே தேவைப்பட்டிருக்காது என்பதுதான் என் ஆதங்கம். அவர் மீது எனக்கு வெறுப்பு இல்லை. 2023 டிசம்பரில் மில்வாக்கிக்கு எதிராக 27 புள்ளி, 15 அசிஸ்ட், ஒரு டர்ன்ஓவர்கூட இல்லாமல் ஆடியதைப் பார்த்தபோது, இவர் தினமும் இப்படி ஆடினால் எவரும் நிகரில்லை என்று நண்பர்களிடம் சொன்னவன் நான்.

திரும்பி வருவதைப் பற்றிய என் அச்சம் வேறு. இன்னொரு பாயிண்ட் கார்டான ஜான் வால் அக்கிலிஸ் அறுந்து திரும்பியபோது, அவருடைய முதல் அடியின் வேகம் திரும்பவில்லை.

தசையும் எலும்பும்:

வால் வேகத்தால் வாழ்ந்தவர், அதற்கு முன்பே வேறு காயங்களும் அவருக்கு இருந்தன. டுராண்ட் உயரத்தாலும் எறிதலாலும் ஆடுபவர் என்பதால், 2020-21 பருவத்தில் திரும்பி வந்து சராசரி 26.9 புள்ளிகள் எடுத்தார். ஹாலிபர்ட்டன் இவர்களில் டுராண்டின் பக்கம் நெருக்கமானவர். பந்தைக் கொடுக்க அவருக்கு உயரமாக எழத் தேவையில்லை, தடுப்பவரை எழவைத்தால் போதும். எனக்குச் சந்தேகம் தடுப்பாட்டத்தில்தான். ஏற்கெனவே எதிரணிகள் அவரைத் தேடிப் பிடித்துத் தாக்கின. பக்கவாட்டில் நகரும் திறனில் சிறிது குறைந்தாலும் அது உடனே தெரியும்.

நடுக்கோடு:

அதை ஏற்கிறேன், அது அவருடைய பலவீனம்தான். ஆனால் எதிர்க்கரை அவர்களின் அளவுகோலை என்னால் ஏற்க இயலாது. "அமைப்பு உடையும் இரவில் தனியாகத் தூக்கி நிறுத்துபவர்" என்றீர்கள். ஓக்லஹோமாவில் முதல் ஆட்டம் அப்படிப்பட்ட இரவுதான். இண்டியானா 25 முறை பந்தை இழந்தது, நாற்பத்தேழு நிமிடங்களுக்கு மேல் ஒரு முறைகூட முன்னிலை பெறவில்லை. கில்ஜியஸ்-அலெக்சாண்டர் தவறவிட்ட பந்து நெஸ்மித் கைக்கு வந்தபோது கார்லைல் ஆட்டத்தை நிறுத்தும் டைம்-அவுட் கேட்கவில்லை, திட்டம் எதுவும் வரையவில்லை. ஹாலிபர்ட்டன் பந்தை வாங்கி வலப்பக்கமாக ஓடி, கேசன் வாலஸ் கண்ணெதிரே நிற்க, நின்று எறிந்தார். 0.3 நொடி மீதம், 111-110. அந்த ஆட்டத்தில் அவருடைய அணி பெற்ற ஒரே முன்னிலை அது. பந்தைக் கையில் வாங்கிக் கூடையை நோக்கிப் போக வேண்டிய நேரத்தில் அவர் போனார். மீதி நேரத்தில் மற்ற நால்வரை ஆட வைத்தார். இந்த இரண்டையும் செய்யும் பாயிண்ட் கார்டுகள் இன்று லீக்கில் எத்தனை பேர் என்று நீங்கள் பெயர் சொல்லுங்கள், அங்கிருந்து தொடர்வோம்.

எதிர்க்கரை:

கில்ஜியஸ்-அலெக்சாண்டர், ஸ்டெஃப் கரி, ஜேலன் பிரன்சன். லூகா டான்சிச்சைப் பாயிண்ட் கார்ட் என்று ஏற்றால் அவரும். ஐந்தாவது இடத்துக்கு ஹாலிபர்ட்டன் பெயரை நானே எழுதுவேன், ஆனால் திரும்பி வந்த பிறகு ஒரு முழுப் பருவம் ஆடட்டும். பிரன்சனுக்கு மேலே அவரை வைக்கும்படி மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

பழைய பாயிண்ட் கார்ட்:

பிரன்சன் இருந்த நியூயார்க் அணியைத்தான் அவர் ஆறு ஆட்டங்களில் வீட்டுக்கு அனுப்பினார்.