போன் அடித்தாலே பயந்த நாட்கள்

கனடாவுக்கு வந்து ஆங்கிலம் கதைக்கப் பழகிய கதையை எல்லோரும் எழுதியதை வாசித்தபின் என்னுடையதையும் சொல்ல வேண்டும் போலிருந்தது.

2012 டிசம்பரில் இரண்டு வயது மகனோடு ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்தேன். ஊரில், யாழ்ப்பாணத்து வடமராட்சியில், ஏழு வருடம் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள். ஆங்கிலம் வாசிப்பேன், எழுதுவேன். ஆனால் வீட்டு போன் அடித்தால் ஓயும்வரை பார்த்துக்கொண்டே நிற்பேன். முகம் தெரியாத ஒருவர் வேகமாகக் கதைத்தால் ஒரு சொல்லும் வாயில் வராது.

ஸ்காபரோவில் தமிழிலேயே மரக்கறி வாங்கி, தமிழிலேயே டொக்டரைப் பார்த்து வருடக்கணக்கில் இருந்துவிடலாம். அந்த ஆறுதல் இல்லாவிட்டால் முதல் குளிர்காலத்தைத் தாண்டியிருக்க மாட்டேன். அதே ஆறுதல்தான் என்னை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தது.

மாமிதான் லிங்க் என்ற ஆங்கில வகுப்புக்கு என் பெயரைக் கொடுத்தார். மத்திய அரசு புதிதாக வந்தவர்களுக்குக் காசில்லாமல் நடத்துவது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அதே கட்டடத்தில் ஆட்கள் இருந்தார்கள். முதல் நாள் 102 மார்க்கம் ரோட் பஸ். கண்ணாடி முழுக்கப் பனிப்புகார் படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஒரு கையில் மகன், மற்றக் கையில் கசங்கிப்போன ட்ரான்ஸ்பர் துண்டு. பஸ்ஸை நிறுத்த மஞ்சள் கயிற்றை எங்கே இழுப்பது என்று தவித்தபோது பின்னாலிருந்து ஒரு கை நீண்டு இழுத்தது. அவவும் அதே வகுப்புக்குத்தான் வந்தா. ஆப்கானிஸ்தானில் மருத்துவிச்சியாக இருந்தவ.

எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலம் மட்டும். அதுதான் எனக்கு வாய்த்த அதிர்ஷ்டம். தமிழ் ஆட்களோடு என்றால் தமிழுக்கு மாறிவிடுவேன், நன்றாக ஆங்கிலம் கதைப்பவர்களோடு என்றால் மௌனமாகிவிடுவேன். அவவோடு இரண்டுக்கும் வழியில்லை. பின்னேரம் ஏழு மணிக்கு போன் எடுத்து, “நான் பாங்கிலிருந்து கதைக்கிறேன், உங்கள் பிறந்த திகதி என்ன?” என்று கேட்பா. அடுத்த நாள் நான் பள்ளிக்கூட அலுவலகமாக மாறி அவவுக்கு எடுப்பேன். ஒரு குளிர்காலம் முழுக்க இப்படித்தான்.

அப்புறம் வேலை தேடினேன். ஒரு குழந்தைகள் காப்பகத்தில் என் ஏழு வருடத்தைக் கேட்கவே இல்லை. “கனேடிய அனுபவம் உண்டா?” என்று மட்டும் கேட்டார்கள். பஸ் தரிப்பிடத்தில் நின்று அழுதேன். அந்தக் கேள்வி எத்தனை பெண்களைத் திருப்பி அனுப்பியிருக்கும்! 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்கள் அதை விளம்பரத்தில் நிபந்தனையாகப் போட முடியாது என்று எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் 2026 ஜனவரியிலிருந்துதான் சட்டம்.

நான் வேறு இடத்தில் சம்பளமில்லாமல் ஆறு மாதம் வேலைக்கு நின்றேன், பிறகு இரண்டு வருட ஈ.சி.ஈ. (சின்னப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் பயிற்சி) டிப்ளோமா. ஒன்ராறியோவில் முழுநாள் பாலர் வகுப்பு எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் வந்துசேர்ந்த காலம் அது. ஆசிரியரோடு ஈ.சி.ஈ. படித்த ஒருவரும் வகுப்பில் வேண்டியிருந்ததால் வேலை கிடைத்தது. இப்போது புதிதாக வந்த தாய்மாருக்கு நான்தான் போன் எடுக்கிறேன். மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டால் வைத்துவிட மாட்டேன், காத்திருப்பேன்.

ஒன்று சொல்ல வேண்டும்: குடியுரிமை கிடைத்தபின் லிங்க் வகுப்பில் சேர்க்க மாட்டார்கள். பி.ஆர். (நிரந்தர வதிவிடம்) இருக்கும்போதே போய்விடுங்கள். மார்க்கம் ரோட் பக்கம் இருப்பவர்களுக்கு முதல் நாள் தனியாகப் போகப் பயமாக இருந்தால் சொல்லுங்கோ, பஸ்ஸில் கூட வருகிறேன்.