வட்டமிட்ட எண்

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் மாமா கள் இறக்கும் தொழிலாளி. 2014-இல் ரத்ததானம் செய்யப் போனபோதுதான் ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் கிருமி இருப்பது தெரிந்தது. காமாலை இல்லை, வலி இல்லை, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. அளவும் சரியாகவே இருந்தது. "கிருமி தூங்குகிறது" என்று யாரோ சொன்னதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். எப்போதாவது ரத்தம் பார்ப்பார், அவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல். ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்கள் 92,000-ஆகக் குறைந்திருந்தன. டெங்குதான் என்று முடிவுகட்டி, அத்தை மூன்று நாள் பப்பாளி இலையை இடித்துப் பிழிந்து கொடுத்தார். (மாமா முகம் சுளித்ததுதான் மிச்சம்.) காய்ச்சல் போயிற்று. ஒரு மாதம் கழித்துப் பார்த்தாலும் அதே 92,000.

வேலந்தாவளம் வழியாகப் பஸ் பிடித்துக் கோவைக்குப் போனோம். கல்லீரல் மருத்துவர் பழைய சீட்டுகளைக் கேட்டார். அத்தை மஞ்சள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவற்றைத் தேதிவாரியாக மேசைமேல் பரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் எண்ணை வட்டமிட்டார்: 2,10,000, 1,65,000, 1,28,000, 92,000. பத்து வருடமாக நாங்கள் எஸ்.ஜி.பி.டி. வரியை மட்டுமே பார்த்திருக்கிறோம்!

கல்லீரல் தழும்பேறி இறுகினால் ரத்தம் பின்னால் தேங்கி மண்ணீரல் வீங்கும்; அது பிளேட்லெட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிளேட்லெட் உற்பத்தியைத் தூண்டும் சுரப்பும் கல்லீரலில் குறைந்துபோகும். எஸ்.ஜி.ஓ.டி. என்ற இன்னொரு கல்லீரல் அளவு 68. அதை அதன் இயல்பான மேல்வரம்பான 40-ஆல் வகுத்து, பிளேட்லெட்டை ஆயிரக் கணக்கில் எடுத்து 92-ஆல் வகுத்து, நூறால் பெருக்கினார்: 1.85. உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதலில் இந்தக் கணக்கு 1-ஐத் தாண்டினாலே சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகிய நிலை, என்று கருதி மருந்து தொடங்கச் சொல்கிறார்கள். ஸ்கேனும் அதையே சொன்னது. இப்போது தினமும் கிருமியை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை புற்றுநோய்க்கான ஸ்கேன். கள் அடியோடு நின்றுவிட்டது. மாமாவுக்கு அதில்தான் வருத்தம்.

*

கொழிஞ்சாம்பாறைக்காரருக்கு: நான் மீனாட்சிபுரம் பக்கம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். சிலருக்கு, ரத்தம் எடுக்கும் ஊதா மூடிக் குழாயில் உறையாமல் இருக்கச் சேர்த்துள்ள ரசாயனத்தால் பிளேட்லெட்டுகள் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். மெஷின் குறைவாக எண்ணிவிடும். அதனால் ஒரே ஒரு சீட்டில் குறைவு என்றால் நீல மூடிக் குழாயில் மறுபடி எடுத்து, கண்ணாடித் தகட்டிலும் பார்ப்போம். உங்கள் மாமாவின் கதை வேறு. நான்கு சீட்டும் ஒரே திசையில் இறங்கியிருக்கிறது. அந்த மஞ்சள் பை இல்லையென்றால் அது யார் கண்ணிலும் பட்டிருக்காது. எங்களிடம் வருபவர்களில் பலர் போன மாதச் சீட்டையே தொலைத்துவிட்டு நிற்கிறார்கள். அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் பரிசோதனை செய்து, தடுப்பூசி போட்டாயிற்றா?