லங்காஸ்டர் சாலையோரப் பலகை: கழற்றலாமா, இருக்கட்டுமா?

வண்டிக்காரன்:
அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பக்கம் இருப்பவர்களுக்கு வூஸ்டருக்கு வடக்கே உள்ள லங்காஸ்டர் தெரிந்திருக்கும். 1653இல் ஊரானது, அன்றைக்கு ஆங்கிலேயக் குடியேற்றத்தின் எல்லையோரம். அங்கே சாலை ஓரத்தில் ஒரு வார்ப்பிரும்புப் பலகை நிற்கிறது. பாதிரியார் ரோலண்ட்சனின் வீடு இந்த வயலில் இருந்தது, 1676 பிப்ரவரி 10 அன்று பூர்வகுடிகள் தாக்கி அழித்தார்கள், அவர் மனைவி மேரியைப் பிடித்துப் போனார்கள் என்பதுதான் அதன் சாரம். ஏன் தாக்கினார்கள் என்ற பேச்சே இல்லை. மாசசூசெட்ஸ் காலனியின் 300ஆவது ஆண்டுக்காக 1930இல் மாநிலம் முழுக்க நட்டவற்றில் ஒன்று இது. கழற்றிவிட்டுப் புதிதாக எழுத வேண்டும் என்பது என் கட்சி.

பழைய_பேப்பர்:
எதற்குக் கழற்ற வேண்டும்? அதில் பொய் என்ன இருக்கிறது? அந்த வீட்டுக்குள் இருந்தவர்கள் 37 பேர் என்றும், ஒருவர்தான் தப்பினார் என்றும் மேரியே எழுதியிருக்கிறார். அவர் மகள் சாராவுக்கு ஆறு வயது. தாயின் விலாவைத் துளைத்த குண்டுதான் மடியிலிருந்த அந்தக் குழந்தையையும் துளைத்தது. பனியில் தூக்கிக்கொண்டு போனார், ஒன்பது நாள் மடியில் வைத்திருந்தும் பிள்ளை பிழைக்கவில்லை. இதற்கு 'ஏன்' என்று விளக்கம் சொல்லக் கிளம்பினால் நியாயம் கற்பிப்பதில்தான் போய் நிற்கும்.

வண்டிக்காரன்:
சாராவுக்கு நடந்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்பு, அதே போரில், 1675 டிசம்பரில், ரோட் ஐலண்டின் சதுப்புக் காட்டில் நாராகன்செட் என்ற பூர்வகுடி மக்களின் கோட்டையை ஆங்கிலேயப் படை கொளுத்தியது. பெண்கள், குழந்தைகள் என்று நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். கிறிஸ்தவர்களாக மாறி ஆங்கிலேயர்களை நம்பியிருந்த பூர்வகுடிகளைக்கூட பாஸ்டன் துறைமுகத்தில் இருக்கும் டீர் தீவில் கொண்டுபோய் அடைத்தார்கள். குளிரிலும் பட்டினியிலும் பலர் மாண்டார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு பிப்ரவரி 10இல் கதையைத் தொடங்கினால் எப்படி?

கருப்பு_மை:
இரண்டு பேருமே ஜேம்ஸ் பிரிண்டரை மறந்துவிட்டீர்களே. நிப்மக் என்ற பூர்வகுடி இனத்தவர், பாஸ்டன் பக்கத்துக் கேம்பிரிட்ஜ் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். 1663இல் வந்த பூர்வகுடி மொழி பைபிளில் அவர் உழைப்பு உண்டு. 1675 ஆகஸ்டில் இதே லங்காஸ்டரில் நடந்த கொலைகளைச் செய்ததாகப் பழி போட்டு, அவரையும் இன்னும் சிலரையும் கழுத்தில் கயிறு கட்டி பாஸ்டன் வரை நடத்திப் போனார்கள். விசாரணையில் விடுதலை. அடுத்த வருடம் மேரியை மீட்கப் பேரம் நடந்தபோது பூர்வகுடிகள் தரப்பில் கடிதம் எழுதியவர் அவர்தான். 20 பவுன் கொடுத்து மேரியை மீட்டார்கள். மேரியின் நினைவுக்குறிப்பு 1682இல் அச்சானது, ஜேம்ஸ் வேலை பார்த்த அதே கேம்பிரிட்ஜ் அச்சகத்திலும்தான். எந்தக் கட்சியில் சேர்ப்பீர்கள் இவரை?

பழைய_பேப்பர்:
நல்ல கதை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காரில் போகிறவன் பலகையைப் பார்ப்பது சில நொடி. அதற்குள் சதுப்புக் காடு, டீர் தீவு, ஜேம்ஸ் எல்லாம் எப்படி அடங்கும்? அதோடு, 1930இன் ஆட்கள் தங்களை எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பதற்கு இந்தப் பலகையே ஒரு சான்று. கழற்றிவிட்டால் அதுவும் போச்சு.

வண்டிக்காரன்:
சான்று என்றால் முழுசாகப் பாருங்கள். 1629ஆம் ஆண்டு காலனி முத்திரையில் ஒரு பூர்வகுடி நின்று, "வந்து எங்களுக்கு உதவுங்கள்" என்று கூப்பிடுகிறார். அதன் வழியில் வந்த இப்போதைய மாநில முத்திரையை மாற்றலாமா என்று ஆராய 2021இல் மாநிலமே சட்டம் போட்டு ஒரு குழு அமைத்தது. இரும்புப் பலகையை மட்டும் தொடக் கூடாதோ?

கருப்பு_மை:
பக்கத்தில் இன்னொரு பலகை வைத்தால் போகிறது. இதே மாநிலத்துக் கிராஃப்டனில் நிப்மக் மக்கள் கையைவிட்டுப் போகாத நிலம் இன்றும் சில ஏக்கர் இருக்கிறது, அவர்கள் எழுதட்டும்.

பழைய_பேப்பர்:
தாராளமாக. பழையது அதே இடத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். புதியதைக் காரணம் காட்டி நாளைக்கு இதைக் குடோனுக்கு அனுப்பினால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

வண்டிக்காரன்:
இரண்டாவது பலகை முதலில் வரட்டும் அண்ணே. குடோன் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.